வேன் வைத்திருந்தவன்

ஹாமர்ஸ்மித்தில் வாடகைக்கு இருந்த மூன்று வருஷத்தில் என் அறையில் சேர்ந்த சாமான்களில் பாதி, தெருமுனை சாரிட்டி ஷாப்பில் வாங்கியவை. வயதானவர்கள் காலமானதும் பிள்ளைகள் வீட்டை ஒழித்து, கோட்டு, கோப்பை, புத்தகம், டிவிடி என்று மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து அங்கே இறக்கிவிட்டுப் போவார்கள். ஒரு நவம்பர் சனிக்கிழமை, மழைக்கு ஒதுங்கினபோது கையில் ஒரு டிவிடி பெட்டி அகப்பட்டது. விலை இரண்டு பவுண்டு. அட்டையில் 'ஸ்பெஷல் பிராஞ்ச்' என்று போட்டிருந்தது. நடித்தவர் யார், கதை என்ன, ஒன்றும் தெரியாது. பெயருக்காகவே வாங்கினேன்.

எங்கள் ஊரில் அந்தப் பெயருக்கு ஓர் ஆள் இருந்தார். கட்சிக் கூட்டம், சங்கக் கூட்டம், திருவிழாத் தகராறு எதுவானாலும் மேடைக்குப் பக்கவாட்டில், டீக்கடை பெஞ்சில், மடித்த நோட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பார். மஃப்டிதான். வெள்ளைச் சட்டை, சாதாரண பேன்ட். ஆனால் ஒட்ட வெட்டின கிராப்பும் பழுப்பு பூட்ஸும் ஒரு மைல் தூரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். பேச்சாளர்களே "என்னண்ணே, ஆரம்பிக்கலாமா?" என்று அவரைக் கேட்டுவிட்டுத்தான் மைக்கைப் பிடிப்பார்கள். யாராவது வேகமாகப் பேசினால், "கொஞ்சம் நிறுத்திப் பேசுங்க தம்பி, எழுத வேண்டாமா?" என்பார். ரகசியப் போலீஸ் என்றால் எனக்கு அவர்தான்.

பெட்டிக்குள் இருந்தவர்கள் அந்த ஜாதி இல்லை.

தேம்ஸ் டெலிவிஷன் 1969 செப்டம்பரில் தொடங்கி 1974 வரை நான்கு சீசன்களாக ஒளிபரப்பிய தொடர் இது. மொத்தம் 53 பாகங்கள். லண்டன் ஸ்காட்லாந்து யார்டின் அரசியல் உளவுப் பிரிவுதான் கதைக்களம். வேற்று நாட்டு உளவாளிகள், குண்டு வைப்பவர்கள், ஓடிவந்து தஞ்சம் கேட்பவர்கள், ரகசியக் காகிதத்தைத் தொலைத்துவிட்டு முழிக்கும் அதிகாரிகள். முதல் இரண்டு சீசன்களை டெடிங்டன் ஸ்டூடியோவில் வீடியோ டேப்பில் எடுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து ஸ்டூடியோ நாடகம் பார்த்தவர்களுக்குத் தெரியும், கதவைக் கொஞ்சம் பலமாகச் சாத்தினால் சுவரும் சேர்ந்து ஆடும். ஆபீஸுக்குள் பேசிக்கொண்டிருந்தவர் தெருவுக்கு வந்ததும் படத்தின் நிறமே மாறிவிடும், வெளிக்காட்சியை ஃபிலிமில் எடுத்திருப்பதால். எனக்கு அது குறையாகப் படவில்லை. நாடகக் கொட்டகையில் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஒரு நெருக்கம் அதில் இருக்கிறது.

நாயகன் ஜோர்டன். நடித்தவர் டெரன் நெஸ்பிட். 'வேர் ஈகிள்ஸ் டேர்' படத்தில் மதுக்கடையில் வந்து சந்தேகத்தோடு குடைந்து குடைந்து கேள்வி கேட்பானே ஒரு கெஸ்டபோ மேஜர், அவரேதான். அதே வெளிர்ந்த கண்கள். ஜோர்டனுக்குப் பூப்போட்ட சட்டை, அகலமான டை, தையல்காரன் உடம்பிலேயே வைத்துத் தைத்த மாதிரி சூட். 1969ஆம் வருஷத்து லண்டன் ஃபேஷனை ஒரு போலீஸ்காரன் மேல் மாட்டி, இவனும் இளைஞர்களில் ஒருவன் என்று நம்மை நம்பவைக்கப் பார்க்கிறார்கள். எனக்கென்னவோ எங்கள் ஊர் அண்ணனின் பூட்ஸ்தான் நினைவுக்கு வந்தது.

தொடரின் உண்மையான சொத்து ஜோர்டன் இல்லை, சார்ல்ஸ் மாக்ஸன். அரசாங்கத்தின் சார்பில் அடிக்கடி வந்து தலையிடும் மேல்தட்டு ஆசாமி. மாரிஸ் பெர்ரி நடித்திருக்கிறார். குரலை உயர்த்துவதே கிடையாது. போலீஸ்காரர்கள் வெயிலிலும் மழையிலும் அலைந்து ஒருவனைப் பிடித்துக் கொண்டுவருவார்கள். மாக்ஸன் கையுறையைக் கழற்றியபடியே வந்து, அவனை விட்டுவிடும்படி ஆகிவிட்டது என்று வருத்தம் தெரிவிக்கிற தோரணையில் நிற்பார். இரண்டாம் சீசனில் மேலதிகாரி இன்மனாக வரும் ஃபுல்டன் மக்கே அவரை முறைக்கும் முறைப்பு ஒன்றுக்காகவே அந்தப் பாகங்களைத் திரும்பப் பார்க்கலாம். இந்த மக்கேதான் பிறகு 'பாரிட்ஜ்' நகைச்சுவைத் தொடரில் சிறைக் காவலராக வந்து பெயர் வாங்கினார்.

1973இல் எல்லாம் தலைகீழ். தேம்ஸ் கம்பெனி சொந்தமாகத் தொடங்கியிருந்த யூஸ்டன் ஃபிலிம்ஸ் கைக்குத் தொடர் போனது. ஸ்டூடியோவை விட்டுவிட்டு 16 மி.மீ. கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார்கள். ஜோர்டன் இல்லை, பூப்போட்ட சட்டையும் இல்லை. புது நாயகன் கிரேவன். ஜார்ஜ் சூவல் என்ற நடிகர், பத்து ரவுண்டு குத்துச்சண்டை போட்டுவிட்டு நேராக ஆபீஸுக்கு வந்தது போன்ற முகம். வந்த முதல் பாகத்திலேயே லஞ்சம் வாங்கினான் என்று குற்றச்சாட்டு. அப்போது லண்டன் துப்பறியும் பிரிவில் நிஜமாகவே லஞ்ச நாற்றம் கிளம்பியிருந்தது. கொள்ளையரைப் பிடிக்கும் ஃப்ளையிங் ஸ்குவாடின் தலைவராக இருந்த கென்னத் டுரூரியே 1977இல் லஞ்ச வழக்கில் உள்ளே போனார். அதனால் அந்தக் குற்றச்சாட்டைப் பார்த்தவர்களுக்கு அது வெறும் கதையாகப் பட்டிருக்காது.

பின்னால் ஹாகர்ட்டி என்று ஒரு துடுக்குக்காரனைக் கூடச் சேர்த்தார்கள். பாட்ரிக் மோவர். பெண்களைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே இருப்பான், எனக்குப் பிடிக்கவில்லை. நான்காம் சீசனின் மேல்தட்டு ஆசாமி பால் எடிங்டன், ஆறு வருஷம் கழித்து 'யெஸ் மினிஸ்டர்' தொடரில் அமைச்சராக அமர்ந்தவர்.

தொடர் முடிந்ததும் யூஸ்டன் ஆட்கள் அதே கேமரா, அதே வேகத்தோடு 'தி ஸ்வீனி' எடுக்கப் போய்விட்டார்கள். நான்காம் சீசனின் தயாரிப்பாளர் டெட் சைல்ட்ஸ்தான் அதற்கும் தயாரிப்பாளர். 1975 ஜனவரியில் வந்த அந்தத் தொடரின் புகழில் 'ஸ்பெஷல் பிராஞ்ச்' அமுங்கிப் போனது. ஸ்வீனிக்காரர்களின் கூடாரம் ஹாமர்ஸ்மித்தில் கோலெட் கோர்ட் என்ற பழைய பள்ளிக்கூடம். நான் தினம் பஸ்ஸில் தாண்டிப்போன கட்டடம். ஸ்வீனி என்பது ஃப்ளையிங் ஸ்குவாடுக்கு லண்டன் ரவுடிகள் வைத்த எதுகைப் பெயர், 'ஸ்வீனி டாட்' என்பதன் சுருக்கம். அந்தப் படையும் 1919இல் மாறுவேடமாகத்தான் தொடங்கியது. குதிரை பூட்டிய கூண்டு வண்டி, மேலே படுதா, படுதாவில் ஓட்டை, ஓட்டைக்குப் பின்னால் துப்பறிவாளர்களின் கண்.

ஸ்பெஷல் பிராஞ்சுக்கு வயது அதைவிட அதிகம். அயர்லாந்து விடுதலைக்காரர்கள் லண்டனில் டைனமைட் வைக்கத் தொடங்கியதும் 1883இல் உருவாக்கினார்கள். மறு வருஷமே ஸ்காட்லாந்து யார்டின் பொதுக் கழிப்பறையில் குண்டு வெடித்தது. அதற்கு நேர் மேலே இருந்தது இந்தப் பிரிவின் அலுவலகம்! ஜோர்டன் வகையறாவை எவ்வளவு விறைப்பாகக் காட்டினாலும் எனக்கு அந்தக் கழிப்பறை ஞாபகம் வந்து சிரிப்பு வந்துவிடும்.

நம் ஆட்களோடும் இந்தப் பிரிவுக்குப் பழைய கணக்கு உண்டு. ஹைகேட் பகுதியில் கிராம்வெல் அவென்யூ 65ஆம் எண் வீடு 'இந்தியா ஹவுஸ்' என்ற பெயரில் இந்திய மாணவர் விடுதியாக இருந்தபோது, வாசலில் எப்போதும் ஸ்காட்லாந்து யார்டின் கண் இருந்தது. 1909இல் பிரிட்டிஷ் அதிகாரி கர்ஸன் வைலி சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு கேட்கவே வேண்டாம். அங்கே இருந்தவர்களில் ஒருவர் பாரிஸ்டர் படிக்கப் போன வரகனேரி வ.வே.சு. ஐயர். தாடி வளர்த்து, சீக்கியர் வேஷத்தில் அவர்களுக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு 1910இல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். வழியில் ஒரு துப்பறிவாளன் பெட்டியில் இருந்த மூன்று ஆங்கில எழுத்துகளைக் காட்டி மடக்கியதாகவும், அவை 'வீர விக்ரம் சிங்' என்ற தன் பெயரின் முதலெழுத்துகள் என்று ஐயர் அசராமல் சொன்னதாகவும் ஒரு கதை சொல்வார்கள். 'குளத்தங்கரை அரசமரம்' எழுதியவர் ஆயிற்றே, இந்தக் கதை கட்டவா தெரியாது.

இனி கீழ்வீட்டு அம்மாவைப் பற்றி.

எனக்குக் கீழ்த்தளத்தில் குடியிருந்தவர். எழுபதைத் தாண்டியவர், பள்ளி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை. என்னிடம் டிவிடி போடும் மெஷின் கிடையாது, அவரிடம் இருந்தது. ஞாயிறு சாயங்காலம் நான் பெட்டியோடு இறங்குவேன், அவர் டீ போடுவார், ஆளுக்கு இரண்டு பிஸ்கட், இரண்டு பாகம். ஜோர்டனை முதலில் பார்த்த அன்றைக்கே அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இவன் எங்கள் கூட்டத்துக்கு வந்திருந்தால் வாசற்படியிலேயே கண்டுபிடித்திருப்போம்" என்றார். என்ன கூட்டம் என்று கேட்டேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

1969இல் அவர் கல்லூரி மாணவி. தென்னாப்பிரிக்காவின் வெள்ளையர் ரக்பி அணி அந்தக் குளிர்காலத்தில் பிரிட்டனைச் சுற்றி விளையாட வந்தது. அடுத்த கோடையில் கிரிக்கெட் அணியும் வருவதாக ஏற்பாடு. இனவெறி அரசின் அணியை விளையாட விடக்கூடாது என்று பீட்டர் ஹெயின் என்ற இளைஞரைத் தலைமையாகக் கொண்டு மாணவர்கள் திரண்டார்கள். மைதானத்துக்குள் ஓடுவது, விசில் ஊதுவது, அணியின் பஸ்ஸை மறிப்பது. கடைசியில் 1970 கிரிக்கெட் பயணம் ரத்தே ஆகிவிட்டது. இந்த அம்மா ட்விக்கன்ஹாம் மைதானத்து வாசலில் அட்டை பிடித்து நின்றிருக்கிறார்.

தொடரின் முதல் சீசன் ஓடிக்கொண்டிருந்ததும் அதே மாதங்களில்தான். டிவியில் ஜோர்டன் டையைச் சரிசெய்துகொண்டிருந்த நேரத்தில், நிஜ ஸ்பெஷல் பிராஞ்சின் ஆள் ஒருவர் அந்தப் போராட்டக் குழுவுக்குள்ளேயே தோழராக உட்கார்ந்திருந்தார்.

அதன் தொடக்கம் 1968 மார்ச் 17. வியட்நாம் போரை எதிர்த்து க்ரோவ்னர் சதுக்கத்தில் அமெரிக்கத் தூதரகத்தின் முன்னால் பெரிய ஆர்ப்பாட்டம், குதிரைப் போலீஸ், அடிதடி. இப்படியொரு கூட்டம் திரளும் என்று முன்கூட்டித் தெரியாமல் போனதே என்று அரசாங்கத்துக்கு உதறல். அந்த வருஷமே ஸ்பெஷல் பிராஞ்சுக்குள் கான்ராட் டிக்ஸன் என்ற அதிகாரி ஒரு சின்னப் படையைத் தொடங்கினார். பின்னாளில் அதற்கு 'ஸ்பெஷல் டெமான்ஸ்ட்ரேஷன் ஸ்குவாட்' என்று பெயர் நிலைத்தது. உள்துறை பணம் கொடுத்தது. ஆட்கள் சீருடையைக் கழற்றி, தலைமுடியும் தாடியும் வளர்த்து, தனி வீடு எடுத்து, வேறு பெயரில், வேறு வேலை பார்க்கிறவர்களாக வாழ்ந்தார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பலர் நான்கு வருஷம். அலுவலகத்தில் அவர்களுக்குப் பட்டப்பெயர் 'ஹேரீஸ்'. அதைத் தமிழில் நேராகப் பெயர்த்தால் கெட்ட வார்த்தை ஆகிவிடும். சடையன்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் அண்ணனின் கிராப்புப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டார்கள்.

பெயர் எங்கிருந்து வந்தது என்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது. எழுபதுகளில் பல அதிகாரிகள் பிறப்பு இறப்புப் பதிவேடுகளைப் புரட்டி, தங்கள் வயதுக்கு ஒத்துவருகிற மாதிரி பிறந்து சின்ன வயதிலேயே இறந்துபோன ஒரு குழந்தையைத் தேடினார்கள். அதன் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் எல்லாவற்றையும் எடுத்து மாட்டிக்கொண்டார்கள். அந்த ஊருக்கே போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்தவர்களும் உண்டு. யாராவது சந்தேகப்பட்டுத் துருவினால் பிறப்புச் சான்றிதழ் நிஜமாகவே இருக்குமே. 'தி டே ஆஃப் தி ஜக்கால்' நாவலில் கொலைகாரன் செய்கிற அதே வேலை. அதனால் இந்தத் தேடலுக்கு அவர்களே வைத்த பெயர் 'ஜக்கால் ரன்'. குறைந்தது 42 பேர் இப்படிச் செய்திருக்கக்கூடும் என்று லண்டன் போலீஸின் சொந்த விசாரணையே 2013இல் ஒப்புக்கொண்டது. அந்தக் குழந்தைகளின் தாய் தகப்பனிடம் யாரும் கேட்கவில்லை.

இன்னும் கீழே போனார்கள். பொய்ப் பெயரிலேயே பெண்களோடு குடும்பம் நடத்தினார்கள். ஒருவருக்குக் குழந்தையும் பிறந்தது. வேலை முடிந்த நாளில், மனசு சரியில்லை, வெளிநாடு போகிறேன் என்று ஒரு கடிதத்தை வைத்துவிட்டு மறைந்தார்கள். 2010க்குப் பிறகு அந்தப் பெண்கள் தாங்களே துப்பறிந்து ஒவ்வொருவராகக் கண்டுபிடித்த பிறகுதான் நாடு விழித்தது. 2015இல் ஏழு பெண்களிடம் லண்டன் போலீஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. அதே வருஷம் அரசு அமைத்த பொது விசாரணை, 2020 நவம்பரில் சாட்சிகளைக் கேட்கத் தொடங்கியது. 2023 ஜூனில் நீதிபதி ஜான் மிட்டிங் கொடுத்த இடைக்கால அறிக்கை 1968 முதல் 1982 வரையிலான காலத்தைப் பற்றியது. உளவு பார்க்கப்பட்ட குழுக்களில் எந்த வகையிலாவது நியாயமான இலக்கு என்று சொல்லத்தக்கவை மூன்றே மூன்று என்றார். இப்படி வேலை செய்கிறார்கள் என்பது அன்றைக்கே வெளியே தெரிந்திருந்தால் சீக்கிரமே மூடியிருப்பார்கள் என்றும் எழுதினார். மூடியது 2008இல். நாற்பது வருஷம்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு கிரேவனைப் பார்ப்பது கஷ்டமாகிவிட்டது. தொடரில் மாறுவேடம் என்பது ஒரு ராத்திரி சமாச்சாரம். கோட்டை மாற்றுவார், எதிரியின் அறைக்குள் போவார், ஐம்பதாவது நிமிஷத்தில் அகப்பட்டுக்கொள்வார் அல்லது பிடித்துவிடுவார். எதிரி என்றால் துப்பாக்கி வைத்திருக்கிற எதிரி. நிஜத்தில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தது பிஸ்கட் தட்டை நீட்டுகிற ஒரு கல்லூரிப் பெண். விசாரணைக் குழு வெளியிட்ட பழைய உளவு அறிக்கைகளைக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். இன்ன மாடியறையில் இத்தனை பேர் கூடினார்கள், இன்னார் பேசினார், இன்னார் வீடு மாறப்போகிறார். பக்கம் பக்கமாக இதுதான். இதை வைத்து ஒரு பாகம்கூட எழுத முடியாது. எழுதியிருந்தாலும் தேம்ஸ் கம்பெனிக்காரன் குப்பையில் போட்டிருப்பான். எழுத்தாளர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் மாக்ஸன் மாதிரி ஒரு ஆசாமியைக் கற்பனை செய்தவனுக்கு உள்ளூர வாடை அடித்திருக்க வேண்டும்.

அறிக்கை வந்த வாரம் கீழ்வீட்டு அம்மா செய்தித்தாளை மடித்து டீ ட்ரேயின் அடியில் வைத்திருந்தார். அன்றைக்கு நான்காம் சீசன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ரிமோட்டை எடுத்து நிறுத்தினார்.

"ஒருத்தன் வேன் வைத்திருந்தான்" என்றார்.

1974 வாக்கில், கல்லூரி முடிந்து, ஹாமர்ஸ்மித்திலேயே ஒரு சின்னக் குழுவில் இருந்தாராம். பதினைந்து பேர் வந்தால் பெரிய கூட்டம். பப்பின் மாடியறை. யாரிடமும் கார் கிடையாது, அவனிடம் மட்டும் வேன். ஏதோ கட்டட வேலை என்பான். கூட்டம் முடிந்ததும் மடக்கு நாற்காலிகளை அடுக்குவது அவன்தான். மழை ராத்திரிகளில் எல்லாரையும் வேனில் ஏற்றி ஒவ்வொருவரையும் வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுவான். எல்லார் விலாசமும் அவனுக்கு மனப்பாடம். சண்டை வந்தால் எந்தப் பக்கமும் சேரமாட்டான். நல்ல பையன் என்று எல்லாருக்கும் பிடிக்கும். நான்கு வருஷம் இருந்தான். பிறகு வடக்கே வேலை கிடைத்துவிட்டது என்று போனான். ஒரு போஸ்ட் கார்டு வந்தது, அவ்வளவுதான்.

விசாரணைக் குழு பல அதிகாரிகளின் பொய்ப் பெயர்களைப் பட்டியலாகப் போட்டிருக்கிறது. பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். நான் வேண்டுமானால் போனில் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். வேன் வைத்திருந்த எல்லாருமா போலீஸ், அவன் நிஜமாகவே வடக்கே போயிருக்கலாம், இப்போது பேரன் பேத்தி எடுத்திருக்கலாம் என்றார். ட்ரேயில் இருந்த பிஸ்கட்டை இரண்டாக உடைத்தார், சாப்பிடவில்லை.

"அவனுக்குப் பிறந்தநாள் கொண்டாடினோம். நான்தான் கேக் செய்தேன், எலுமிச்சம்பழம் போட்டு. மெழுகுவர்த்தியைக் கொளுத்தினதும் அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கூச்சம் என்று நினைத்துக்கொண்டோம்."

டிவியில் கிரேவன் பாதி திறந்த கதவில் கை வைத்தபடி உறைந்து நின்றுகொண்டிருந்தார்.

"ஜூன் ஒன்பது" என்றார் அந்த அம்மா. "தேதி இன்னும் மறக்கவில்லை."

கொஞ்ச நேரம் கழித்து ரிமோட்டை என்னிடம் நீட்டி, போடச் சொன்னார்.